வீஎம் நகரும், ஸ்டோரேஜ் நகருமா?

செப்டம்பர் 11, 2025, வியாழன். இரவுப் பேருந்து

நாளை முதல் மூன்று நாள் விர்ச்சுவலைசேஷன் பயனர் குழுவின் கூட்டம். ஒரு சர்வருக்குள் பல மெய்நிகர் கணினிகளை (வீஎம்) ஓட்டுகிற நிர்வாகிகள் கூடுவது. பலருக்கும் கேள்வி, வீஎம்வேர் மென்பொருளை விட்டு வேறொன்றுக்கு எப்படி நகர்வது என்பது. வருகிறவர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம் கொடுத்திருந்தார்கள். அவரவர் கிளஸ்டரின் (ஒன்றாக இயங்கும் சர்வர் கூட்டம்) விவரத்தை ஆர்வீடூல்ஸில் எடுத்து, ஹோஸ்ட் (வீஎம்களைத் தாங்கும் சர்வர்) பெயரையும் ஐபியையும் அழித்துவிட்டு, அந்த எக்செல் கோப்போடு வர வேண்டும். வீஎம்வேரின் நிர்வாக மென்பொருளான வீசென்டரோடு இணைத்தால் சில நிமிடங்களில் மொத்தச் சொத்துக் கணக்கையும் கொட்டிவிடும் கருவி அது. (இறக்குவதானால் அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டும். தீநிரல் கலந்த பிரதியோடு அதே பெயரில் போலித் தளங்கள் இந்த ஆண்டு சுற்றின.)

கோப்பில் தாள்கள் ஏராளம். இடம்பெயரப் போகிறவர் முதலில் பார்க்க வேண்டியவை கொஞ்சம்தான். எந்த வீஎம் பழைய பயாஸ் முறையில் எழுகிறது, எது புதிய யூஇஎஃப்ஐ. எந்த டிஸ்க் ஆர்டிஎம், அதாவது கோப்பாக இல்லாமல் ஸ்டோரேஜ் பெட்டியின் டிஸ்க்கையே வீஎம்மிடம் நேரடியாகக் கொடுத்தது. எந்த ஸ்னாப்ஷாட்டுக்கு (வீஎம்மின் ஒரு நேரத்து நிலையைப் பிடித்துவைத்தது) என்ன வயது. வீஎம் கோப்புகள் இருக்கும் டேட்டாஸ்டோரில் எந்த வீஎம்மோடும் ஒட்டாமல் கிடக்கும் அநாதை டிஸ்க் கோப்புகள் எத்தனை.

பக்கத்து இருக்கைக்காரரும் அதே கூட்டத்துக்குத்தான் போகிறார். மடிக்கணினியைத் திருப்பி அவர் காட்டிய ஸ்னாப்ஷாட்டின் பெயர் ‘பேட்ச்சுக்கு முன், நாளை அழிக்கவும்’. வயது 412 நாள். “அழிச்சிடலாமா சார்?” என்றார். பேருந்தில் உட்கார்ந்து செய்கிற வேலை அல்ல அது. ஸ்னாப்ஷாட் எடுத்ததும் மூல டிஸ்க் உறைந்துவிடும். அதற்குப் பிறகு எழுதுவதெல்லாம் தனி டெல்டா கோப்பில் சேர்ந்து, மூல டிஸ்க்கின் அளவுக்கே வளர முடியும். அதனால்தான் ஒரு ஸ்னாப்ஷாட்டை 72 மணி நேரத்துக்கு மேல் வைக்காதே என்கிறது வீஎம்வேர். சங்கிலியில் 32 வரை அனுமதி உண்டு, ஆனால் இரண்டு மூன்றோடு நிறுத்திக்கொள்ளச் சொல்கிறார்கள்.

412 நாள் டெல்டாவை மூலத்தோடு சேர்ப்பது மணிக்கணக்கில் ஓடும், டிஸ்க்கை வாட்டும். நெரிசல் இல்லாத நேரத்தில், டேட்டாஸ்டோரில் காலியிடம் பார்த்துவிட்டுத் தொடங்க வேண்டும். ‘கோப்பு பூட்டப்பட்டுள்ளது’ என்று பிழை வந்தால் பேக்கப் பிராக்ஸி (பேக்கப்பை எடுத்துத்தரும்) வீஎம்மின் அமைப்பைத் திறந்து பாருங்கள். பேக்கப்புக்காக மாட்டிய டிஸ்க்கைக் கழற்றாமலே அது தூங்கியிருக்கும். கழற்றும்போது ‘டிஸ்க்கிலிருந்து கோப்புகளை அழி’ என்ற கட்டத்தில் டிக் வைத்துவிடாதீர்கள். அது மூல வீஎம்மின் டிஸ்க்.

செப்டம்பர் 12, வெள்ளி காலை. மழை

பேருந்து ஒன்றரை மணி நேரம் தாமதம், வெளியே விடாத மழை. அரங்கில் நாற்காலியைவிட மின்செருகிக்குத்தான் போட்டி. நீள எக்ஸ்டென்ஷன் பெட்டி கொண்டுவந்தவரைச் சுற்றி நட்பு தானாக மலர்ந்தது. தெரியாதவர்கள்கூட முகமன் சொன்ன கையோடு “ஏழா, எட்டா?” என்று கேட்டுக்கொண்டார்கள். வீஎம்வேரின் விர்ச்சுவலைசேஷன் தொகுப்பான வீஸ்ஃபியரின் பதிப்பைப் பற்றிய கேள்வி. ஏழாம் பதிப்புக்கான பொது ஆதரவு அக்டோபர் 2-ஆம் தேதியோடு முடிகிறது. இன்னும் இருபது நாள். எட்டுக்கு ஏறிவிடலாம் என்றால் பழைய இன்டெல் சேண்டி பிரிட்ஜ் தலைமுறைச் சிபியுக்களை அது ஏற்காது. பழைய சர்வரை வைத்திருப்பவர் இரும்பையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

முதல் அமர்வு உரிமக் கணக்கு. பிராட்காம் நிறுவனம் 2023 நவம்பர் 22 அன்று வீஎம்வேரை வாங்கி முடித்தது. அடுத்த மாதமே நிரந்தர உரிம விற்பனை நின்று, எல்லாம் கோர் (சிபியுவுக்குள் இருக்கும் கணிப்பு அலகு) கணக்கில் சந்தாவானது. ஒரு சிபியுவில் எத்தனை கோர் இருந்தாலும் குறைந்தது 16-க்குக் கட்ட வேண்டும். பலகையில் ஒருவர் போட்டுக் காட்டியது: தலா 8 கோர் கொண்ட இரண்டு சிபியு உள்ள ஹோஸ்ட்கள் மூன்று. உண்மையில் இருப்பது 48 கோர், கட்டணம் 96 கோருக்கு. பழைய, குறைந்த கோர் சர்வர்கள்தான் அதிகம் அடிபடுகின்றன. கோர் எண்ணிக்கையைக் குறைத்து வேகத்தைக் கூட்டி வாங்கிய பழைய சாமர்த்தியம் இப்போது திருப்பி அடிக்கிறது.

மாற்றுகளைப் பற்றிய பகுதி வேகமாக ஓடியது. விண்டோஸ் டேட்டாசென்டர் உரிமம் ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்-வி பக்கம் சாய்கிறார்கள். இலவசமாகத் தனியே கிடைத்த ஹைப்பர்-வி சர்வர் 2019 பதிப்போடு நின்றுவிட்டது என்பதை மட்டும் மறக்கக் கூடாது. 2018-இல் ஜென்சர்வரிலிருந்து பிரிந்த இன்னொரு மாற்றான எக்ஸ்சிபி-என்ஜிக்கு ஜென் ஆர்க்கெஸ்ட்ரா நல்ல நிர்வாகத் திரை. ஆனால் பழகிய விஎச்டி டிஸ்க் கோப்பு வடிவத்தில் ஒரு டிஸ்க் 2 டெபிபைட்டைத் தாண்டாது. பெரிய கோப்புச் சர்வர் வைத்திருப்பவர்களின் முகம் அங்கே சுருங்கியது. அதிகக் கேள்விகள் திறமூல மாற்றான புராக்ஸ்மாக்ஸுக்கு. அதன் ஒன்பதாம் பதிப்பு வெளிவந்து ஒரு மாதம்தான் ஆகிறது.

செப்டம்பர் 12, வெள்ளி பிற்பகல்

மூன்று நாளிலும் உருப்படியான அமர்வு இதுதான். ஒரு மூத்த நிர்வாகி, ஸ்லைடு இல்லை, வெள்ளைப் பலகை மட்டும். எடுத்ததும் அவர் கேட்டது: “ஹைப்பர்வைசர் எதுன்னு அப்புறம் பேசலாம். உங்க டிஸ்க் இப்ப எங்கே உட்கார்ந்திருக்கு? அதைச் சொல்லுங்க.” (வீஎம்களை ஓட்டும் அடிப்படை மென்பொருள்தான் ஹைப்பர்வைசர்.)

வீஎம்வேரின் கோப்பு முறையான வீஎம்எஃப்எஸ் நமக்குச் செய்துகொண்டிருந்த உபகாரம், அதை விட்டு வெளியே வரும்போதுதான் தெரிகிறது. ஒரே எஃப்சி அல்லது ஐஸ்கஸி லன்னைப் (நெட்வொர்க் வழியே ஸ்டோரேஜ் பெட்டி தரும் டிஸ்க்) பல ஹோஸ்ட்கள் ஒரே சமயத்தில் திறக்கலாம். அதற்குள் தின் டிஸ்க் (எழுத எழுத மட்டும் இடம் பிடிப்பது) வைக்கலாம், ஸ்னாப்ஷாட் எடுக்கலாம். மூன்றும் சேர்ந்தே கிடைத்ததால் அவை மூன்று தனி வசதிகள் என்று யாரும் நினைத்ததில்லை. அதே லன்னைப் புராக்ஸ்மாக்ஸில் பகிர்வு எல்விஎம்மாக (லினக்ஸின் டிஸ்க் பகுப்பு முறை) கட்டினால் லைவ் மைக்ரேஷன் (வீஎம் ஓடும்போதே வேறு ஹோஸ்ட்டுக்கு நகர்வது) உண்டு, எச்ஏ (ஹோஸ்ட் விழுந்தால் வீஎம்மை வேறிடத்தில் எழுப்புவது) உண்டு, தின் இல்லை. ஸ்னாப்ஷாட்டும் இதுவரை இல்லை. ஒன்பதாம் பதிப்பில் வால்யூம் சங்கிலியாக வந்திருக்கிறது, ஆனால் சோதனை முத்திரையோடு. எல்விஎம்-தின்னில் இரண்டும் உண்டே என்று ஓர் இளைஞர் எழுந்தார். உண்டு, ஆனால் அது ஒரு ஹோஸ்ட்டுக்குள் மட்டும். பல ஹோஸ்ட்கள் ஒன்றாகத் திறந்தால் தரவு சிதைந்துவிடும்.

தின் போவதன் விலையை ஆர்வீடூல்ஸ் கோப்பிலேயே கணக்குப் போட வைத்தார். ஒதுக்கிய அளவு ஒரு நெடுவரிசை, பயன்பட்ட அளவு இன்னொன்று, இரண்டையும் கூட்டுங்கள். 500 ஜிபி ஒதுக்கி 80 ஜிபி மட்டும் பயன்படுத்தும் வீஎம், தடித்த எல்விஎம்மில் முழு 500-ஐயும் பிடித்துக்கொள்ளும். அரங்கில் கொஞ்ச நேரம் தட்டச்சுச் சத்தம் மட்டும். ஸ்டோரேஜ் பெட்டியே தின்னாக ஒதுக்கினால் பாரம் அங்கே குறையும். அப்போது வீஎம்முக்குள்ளிருந்து டிஸ்கார்டு (அழித்த இடத்தைத் திருப்பித்தரும் கட்டளை) போகிறதா என்று பார்ப்பது தனி வேலை.

அடுத்தது செஃப், அதாவது சர்வர்களின் சொந்த டிஸ்க்குகளைச் சேர்த்து ஒரே பகிர்வு ஸ்டோரேஜாக்கும் மென்பொருள். மூன்று சர்வர், ஒவ்வொன்றிலும் 3.84 டிபி எஸ்எஸ்டி நான்கு. மொத்தம் 46 டிபி என்று வாங்குபவர் மகிழ்வார். மூன்று பிரதி வைத்தால் 15.4. 85 சதவீதத்தில் ‘நிரம்பப் போகிறது’ எச்சரிக்கை வந்துவிடுவதால் நம்பிக் கணக்கிட வேண்டியது 13 டிபி. 95 தொட்டால் எழுதுவதையே நிறுத்திவிடும். ஒவ்வொரு ஓஎஸ்டிக்கும் (ஒரு டிஸ்க்கைக் கவனிக்கும் செஃப் நிரல்) இயல்பான நினைவக இலக்கு 4 ஜிபி, ஆக ஹோஸ்ட்டுக்கு 16 ஜிபி வீஎம்களுக்குக் கிடைக்காது. மூன்றே சர்வர் என்றால் இன்னொரு சங்கடமும் உண்டு. ஒன்று விழுந்தால் மூன்றாவது பிரதியை வைக்க வேறு இடம் இல்லை. இரண்டு பிரதியோடு ஓடும். அந்த நேரத்தில் இன்னொரு டிஸ்க் போனால், அதில் இருந்த பகுதிகளுக்கு எழுத்தும் வாசிப்பும் நின்றுவிடும். நெட்வொர்க் 10 கிகாபிட் என்பது தொடக்கப் படி. மின்தடைப் பாதுகாப்பு இல்லாத சாதா எஸ்எஸ்டியில் செஃப் ஏன் ஊர்கிறது என்றால், ஒவ்வொரு எழுத்தும் உண்மையில் பதிந்த பிறகுதான் அது பதில் சொல்லும்.

என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழிக் கோப்புப் பகிர்வு) வைத்திருப்பவர்கள் அன்று சிரித்தார்கள். வீஎம்வேரின் ஹைப்பர்வைசரான ஈஎஸ்எக்ஸ்ஐயும் புராக்ஸ்மாக்ஸும் ஒரே என்எஃப்எஸ் பகிர்வை மாட்டிக்கொள்ள முடியும். வீஎம் ஓடிக்கொண்டிருக்கும்போதே டிஸ்க்கை அங்கே ஸ்டோரேஜ் வீமோஷன் மூலம் நகர்த்துங்கள். வீஎம்மை அணையுங்கள். மறுபக்கம் அதே விஎம்டிகே டிஸ்க் கோப்பை மாட்டிக் கிளப்புங்கள். பிறகு ஓடும் நிலையிலேயே உள்ளூர் வடிவத்துக்கு நகர்த்துங்கள். சேவை நிற்பது சில நிமிடம். பழைய லன்னிலேயே இருக்க வேண்டியவர்களுக்குப் பதினைந்து கட்டை விளையாட்டுதான். ஒரு லன்னைக் காலி செய்து, அழித்து, எல்விஎம் ஆக்கி, அடுத்ததைக் காலி செய்ய வேண்டும். ஒரு காலிக் கட்டமாவது இல்லாமல் ஆட்டமே நகராது.

செப்டம்பர் 13, சனி. செய்முறை நாள்

காலை ஒன்பதுக்குத் தொடங்க வேண்டிய செய்முறை பத்தே முக்காலுக்குத் தொடங்கியது. இரண்டு விபத்து, இரண்டும் பாடத்திட்டத்தில் இல்லாதவை.

முதலாவது, எல்லாருக்கும் கொடுத்த லினக்ஸ் வீஎம்கள் ஒரே ஐபியோடு எழுந்தன. மேக் முகவரி (நெட்வொர்க் அட்டையின் அடையாளம்) வெவ்வேறாக இருந்தும் டிஎச்சிபி (ஐபி ஒதுக்கும் சேவை) ஏன் ஒரே முகவரி தருகிறது என்று அரங்கே குழம்பியது. புது உபுண்டு வகைகள் டிஎச்சிபி சர்வரிடம் தங்களை அறிமுகப்படுத்துவது மேக் முகவரியை வைத்து அல்ல, ஒவ்வொரு நிறுவலுக்கும் உரிய மெஷின்-ஐடியிலிருந்து பிறந்த அடையாளத்தை வைத்து. பிரதியெடுக்கும் மூல வீஎம்மான டெம்ப்ளேட்டை மூடுமுன் இடிசி அடைவிலுள்ள மெஷின்-ஐடி கோப்பைக் காலியாக்க மறந்திருக்கிறார்கள். கோப்பை நீக்கக் கூடாது, உள்ளடக்கத்தை மட்டும் வெறுமையாக்கினால் அடுத்த பூட்டில் புதிதாகப் பிறக்கும். கூடவே எஸ்எஸ்எச் ஹோஸ்ட் சாவிகளையும் அழிக்க வேண்டும். இல்லாவிட்டால் எல்லா வீஎம்முக்கும் ஒரே சாவி. அதை யாரும் கவனிக்கவும் மாட்டார்கள்.

இரண்டாவது, ஈஎஸ்எக்ஸ்ஐக்குள் புராக்ஸ்மாக்ஸ், அதற்குள் வீஎம் என்று அடுக்கியிருந்தார்கள். உள்ளே இருந்த வீஎம்மிலிருந்து வெளியே ஒரு பிங் போகவில்லை. வெளி ஹோஸ்ட்டின் மெய்நிகர் ஸ்விட்சான விஸ்விட்சுக்குத் தெரிந்தது புராக்ஸ்மாக்ஸின் மேக் மட்டும். உள்ளிருந்து வேறு மேக்கோடு வரும் பாக்கெட்டை அது போலி என்று தள்ளிவிடுகிறது. போர்ட் குரூப்பில் பிராமிஸ்குவஸ் பயன்முறையையும் ஃபோர்ஜ்டு டிரான்ஸ்மிட்டையும் ‘ஏற்கலாம்’ என்று மாற்றியதும் பிங் பறந்தது. பல ஹோஸ்ட்களுக்குப் பொதுவான டிஸ்ட்ரிபியூட்டட் விஸ்விட்சு இருந்தால் வீஸ்ஃபியர் 6.7-இலிருந்து மேக் கற்றல் வசதி உண்டு, அது இதைவிடச் சுத்தம்.

நடத்துநரைப் பாராட்ட வேண்டும். மழுப்பவில்லை. “இது உங்க ஊர்ல நடக்கிறதுக்கு முன்னாடி இங்கேயே நடந்துச்சே, நல்லது” என்று இரண்டையும் பலகையில் எழுதி வைத்தார்.

பிறகு இறக்குமதி. புராக்ஸ்மாக்ஸில் ஈஎஸ்எக்ஸ்ஐயை ஒரு ஸ்டோரேஜாகச் சேர்த்தால் வீஎம் பட்டியல் தெரியும், தேர்ந்தெடுத்து இழுக்கலாம். வீசென்டரைச் சேர்த்தாலும் வேலை செய்யும், ஆனால் வேகம் படுத்துவிடும். நேராக ஹோஸ்ட்டைக் கொடுங்கள். ஸ்னாப்ஷாட் இருந்தால் இழுவை மெதுவாகும், ஆகவே முன்பே மூலத்தோடு சேர்த்துவிடுங்கள். வீஎம்வேரின் பகிர்வு ஸ்டோரேஜான விசேனில் உள்ள டிஸ்க்கை இந்த வழியில் எடுக்க முடியாது, வேறு டேட்டாஸ்டோருக்கு மாற்றிக்கொண்டு வர வேண்டும். ‘லைவ் இறக்குமதி’ என்ற பொத்தான் ஆசை காட்டும். வீஎம் உடனே எழும், தரவு பின்னால் வந்துகொண்டே இருக்கும். நடுவில் அறுந்தால் எழுந்த பிறகு எழுதியதெல்லாம் போயிற்று. டேட்டாபேஸ் சர்வருக்கு அதைத் தொடாதீர்கள்.

விண்டோஸ் வீஎம்மில்தான் பாதிப் பேர் நீலத்திரை பார்த்தார்கள், பூட் டிவைஸைக் காணோம் என்று. மெய்நிகர் வன்பொருளுக்கான விர்ட்ஐஓ டிரைவர் இல்லாமல் டிஸ்க்கை விர்ட்ஐஓ ஸ்கஸியில் மாட்டினால் விண்டோஸுக்குத் தன் வீடே தெரியாது. டிரைவரை முன்கூட்டியே நிறுவிவைத்தாலும் போதாது. ஒருமுறையாவது அந்தக் கன்ட்ரோலரை நேரில் பார்த்தால்தான் பூட்டிலேயே அதை ஏற்ற வேண்டும் என்று விண்டோஸ் குறித்துக்கொள்கிறது. ஆகவே, முதலில் பூட் டிஸ்க்கை சாட்டாவில் மாட்டிக் கிளப்புங்கள். விர்ட்ஐஓ ஸ்கஸியில் 1 ஜிபி பொம்மை டிஸ்க் ஒன்றைச் சேர்த்து, விர்ட்ஐஓ-வின் ஐஎஸ்ஓவிலிருந்து டிரைவரை நிறுவுங்கள். டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் பொம்மை தெரிகிறதா என்று பார்த்துவிட்டு அணையுங்கள். பூட் டிஸ்க்கைக் கழற்றி ஸ்கஸியில் மாட்டி, பூட் வரிசையில் அதை டிக் செய்யுங்கள். கடைசிப் படியை மறந்தவர்கள் “மறுபடியும் போச்சு சார்” என்று கை தூக்கினார்கள். போகவில்லை, வரிசைதான் காலி.

பழைய இடத்தில் அணைக்குமுன் செய்ய வேண்டியவையும் உண்டு. வீஎம்வேர் டூல்ஸை அங்கேயே நீக்கிவிடுங்கள். இந்தப் பக்கம் வந்த பிறகு அதன் நீக்கி முரண்டு பிடிக்கும். நிலையான ஐபியைக் குறித்துக்கொள்ளுங்கள். பழைய நெட்வொர்க் அட்டை மறைந்த சாதனமாகத் தங்கி ‘இந்த ஐபி இன்னொரு அடாப்டரிடம் இருக்கிறது’ என்று சண்டை போடும். டிவைஸ் மேனேஜரில் மறைந்தவற்றைக் காட்டச் சொல்லி நீக்கலாம். விடிபிஎம் (மெய்நிகர் பாதுகாப்புச் சில்லு) உள்ளடக்கம் உடன் வராது. பிட்லாக்கர் டிஸ்க் குறியாக்கம் இருந்தால் முன்பே நிறுத்திவைக்க வேண்டும், மீட்புச் சாவியும் கையில் வேண்டும்.

லினக்ஸில் டிஸ்க் தொல்லை குறைவு, நெட்வொர்க்தான் படுத்தும். அங்கே நெட்வொர்க் அட்டையின் பெயர் இஎன்எஸ்192 என்றிருந்தது இங்கே இஎன்எஸ்18 ஆகிவிடும். அமைப்புக் கோப்பு பழைய பெயரையே தேடிக்கொண்டிருக்கும். மேக் முகவரியைக் கொண்டு பொருத்தும்படி முன்பே எழுதிவிட்டு, இறக்குமதியில் அதே மேக்கை வைத்துக்கொண்டால் தப்பிக்கலாம். ரெட்ஹாட் குடும்பத்தில் இன்னொரு பொறி உண்டு. பூட் படிமத்தில் அந்த மெஷினுக்குத் தேவையான டிரைவர்கள் மட்டும்தான் இருக்கும், விர்ட்ஐஓ இருக்காது. பூட் பட்டியலில் கடைசியில் இருக்கும் ரெஸ்க்யூ கர்னலில் எழுப்பி, படிமம் உருவாக்கும் கருவியான டிராகட்டை ‘ஹோஸ்ட்ஒன்லி வேண்டாம்’ என்ற தேர்வோடு ஓட்டிப் படிமத்தைப் புதுப்பித்தால் சரியாகும்.

இரவு அறைக்குத் திரும்பும்போதும் மழை. குடை எடுத்துப்போனவர்கள் ஆளுக்கு இருவரைச் சேர்த்து நடத்திக்கொண்டு போனார்கள்.

செப்டம்பர் 14, ஞாயிறு

பாதிக் கூட்டம் கலைந்திருந்தது. போனவர்கள் தவறவிட்டது கோரம் (பெரும்பான்மை ஓட்டு) அமர்வு. மூன்று நோடு (சர்வர்) கிளஸ்டரில், நோடுகள் ஒன்றையொன்று கண்காணிக்கும் கோரோசின்க் ஓடும் அதே கேபிளில் வேண்டுமென்றே பேக்கப்பையும் ஓட விட்டார்கள். கோரோசின்க் கேட்பது அகலப்பாதை அல்ல, தாமதமில்லாத பாதை. 5 மில்லி வினாடிக்குள் பதில் வேண்டும். பேக்கப் கேபிளை நிரப்பியதும் நோடுகள் ஒன்றையொன்று இழந்தன. எச்ஏ இயங்கியதால், கோரம் இழந்த நோடு 60 வினாடி பார்த்துவிட்டுத் தன்னைத்தானே ரீபூட் செய்துகொண்டது. அடுத்ததும் அப்படியே. வன்பொருள் பழுது என்று நினைத்துச் சர்வரைத் திறந்து பார்த்தவர்கள் உண்டாம். கோரோசின்க்குக்குத் தனி அட்டை, தனி ஸ்விட்ச், 1 கிகாபிட் போதும். இரண்டாவது வளையமாக வேறு நெட்வொர்க்கையும் சேர்த்துவிடலாம். இரண்டே சர்வர் உள்ளவர்கள் மூன்றாவது ஓட்டுக்கு வெளியே ஒரு சின்ன மெஷினில் கியூடிவைஸ் வைக்க வேண்டும். அதே கிளஸ்டருக்குள் ஒரு வீஎம்மாக வைத்தால் பொருளில்லை.

சிபியு வகையிலும் இதே மாதிரி ஒரு பழக்கதோஷம். வீஸ்ஃபியரில், வெவ்வேறு தலைமுறைச் சிபியுக்களைச் சமப்படுத்தும் இவிசி பார்த்துக்கொண்டதை இங்கே வீஎம் வாரியாக நாமே தேர்ந்தெடுக்க வேண்டும். வேகம் கிடைக்கிறதே என்று ‘ஹோஸ்ட்’ வகை வைத்துவிட்டுத் தலைமுறை மாறிய சர்வருக்கு லைவ் மைக்ரேட் செய்தால் வீஎம் பாதியில் சாகலாம். கலப்புக் கிளஸ்டரில் எல்லாச் சர்வருக்கும் பொதுவான வகையை வையுங்கள்.

பேக்கப் பற்றிக் கேட்டதில் புதிதாக ஒன்று. புராக்ஸ்மாக்ஸுக்கு அடியில் வீஎம்மை ஓட்டும் கியூஇஎம்யுவின் பேக்கப் ஓடும்போது, இன்னும் எடுக்கப்படாத பகுதியில் வீஎம் எழுத வந்தால், பழைய தரவைப் பேக்கப் சர்வருக்கு அனுப்பிய பிறகே எழுத விடும். ஆகவே பேக்கப் சர்வர் மெதுவாக இருந்தால் வீஎம்மே திணறும். இரவு இரண்டு மணிக்கு டேட்டாபேஸ் ஏன் தொங்குகிறது என்ற கேள்விக்குப் பலருக்கு அங்கே விடை கிடைத்தது. புராக்ஸ்மாக்ஸ் 8.2-இல் வந்த ஃபிளீசிங் இதற்குத்தான். பழைய தரவை வேகமான உள்ளூர் டிஸ்க்கில் தற்காலிகமாக ஒதுக்கிவிட்டு, பிறகு நிதானமாக அனுப்பும்.

கடைசி ஒரு மணி நேரம் ‘மெதுவாக இருக்கிறது’ மருத்துவமனை. பெரும்பாலும் ஒரே நோய், வீஎம்முக்குத் தேவைக்கு மேல் சிபியு. வீசென்டர் வரைபடத்தில் ரெடி மதிப்பு (சிபியுவுக்காக வீஎம் காத்திருந்த நேரம்) மில்லி வினாடியில் வரும். நேரலை வரைபடத்தின் இடைவெளி 20 வினாடி, எனவே 20,000-ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் சதவீதம். 1000 என்று காட்டினால் 5 சதவீதம். வீஎம்மின் மொத்த எண்ணாக இருந்தால் விசிபியு (வீஎம்மின் மெய்நிகர் சிபியு) எண்ணிக்கையாலும் வகுக்க வேண்டும். விசிபியுவுக்கு 5 தாண்டினால் கவனிக்கவும், 10 என்றால் பயனருக்கே தெரியும். 16 விசிபியு வைத்திருந்த ஒருவரை நாலாக்கிப் பார்க்கச் சொன்னார்கள். நம்பாமல் தலையாட்டிக்கொண்டே குறித்துக்கொண்டார்.

மாலை, பேருந்து நிலையத்தில் அந்த 412 நாள்காரர் மறுபடி கிடைத்தார். ஸ்னாப்ஷாட் கவலை தீர்ந்திருந்தது, புதுக் கவலை ஆர்டிஎம். 6 டிபி கோப்புச் சர்வர், ஃபிசிகல் பயன்முறை. “இதை விஎம்டிகேயா மாத்தவே ரெண்டு நாள் ஆகும்போல இருக்கே சார்?”

மாற்றத்தான் வேண்டும் என்றால் அணைத்து, வர்ச்சுவல் பயன்முறையில் மறுபடி சேர்த்து, பிறகு வடிவம் மாற்றி நகர்த்தலாம். ஆனால் அந்த லன்னுக்குள் வீஎம்எஃப்எஸ்ஸே கிடையாது, நேரடியாக விண்டோஸின் கோப்பு முறையான என்டிஎஃப்எஸ். புது ஹோஸ்ட்களுக்கும் அதே லன்னை ஸ்டோரேஜ் பெட்டியில் திறந்துவிட்டு, பழைய வீஎம்மை அணைத்து, புது வீஎம்மில் டிஸ்க் அடையாள எண்ணைக் கொண்டு மாட்டினால் போதும். 6 டிபியில் ஒரு பைட்டும் நகர வேண்டாம். பழைய பக்கம் மறுபடி எழுந்துவிடாதபடி அங்கே லன் அனுமதியை முதலில் நீக்கிவிட வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் எழுதினால் என்டிஎஃப்எஸ் தாங்காது. ஃபெயிலோவர் கிளஸ்டருக்குப் பகிர்ந்த ஆர்டிஎம் என்றால் கதை வேறு, இவருடையது தனி வீஎம்.

அவர் கோப்பைத் திறந்து ஆர்டிஎம் வரிசைக்கு எதிரே ‘நகர்த்த வேண்டாம்’ என்று எழுதிக்கொண்டார். பேருந்து இன்றைக்குச் சரியான நேரத்துக்கு வந்தது.